சைஃபன் காப்பிக் கலன்: குடுவையைத் தேர்வதா, சுடரைத் தேர்வதா?

இரண்டு கண்ணாடிக் குடுவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடியில் ஒரு சிறு சுடர் எரிகிறது. கீழ்க்குடுவையில் உள்ள தண்ணீர் யாரும் தொடாமலே மேற்குடுவைக்கு ஏறுகிறது. அங்கே காப்பித்தூளுடன் கலந்து குமிழியிடுகிறது. சுடரை அகற்றியதும், சற்று நேரத்தில், தெளிந்த காப்பியாகக் கீழே இறங்கி வந்துவிடுகிறது. ஜப்பானிய நகரங்களின் காப்பிக் கடைகளில் பல பத்தாண்டுகளாகப் பழகிப்போன காட்சி இது. அந்நாட்டில் சைஃபன் காப்பி தயாரிப்போருக்கென்றே போட்டிகள்கூட நடைபெறுகின்றன. இன்று இக்கலனைப் பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கும் விற்கிறார்கள்.

விற்பவர்கள் இதைப் பற்றிப் பொதுவாக மூன்று செய்திகளைச் சொல்கிறார்கள். முதலாவது, தண்ணீர் 'சரியான' வெப்பநிலையை அடைந்ததும் தானாகவே மேலே செல்லும் என்பது. இரண்டாவது, காப்பியை ஒரு 'வெற்றிடம்' கீழே இழுக்கிறது என்பது. மூன்றாவது, விலை உயர்ந்த வெப்ப மூலத்தை வாங்கினால் காப்பியும் அதற்கேற்ப உயரும் என்பது. பள்ளியில் படித்த பௌதிகத்தைக் கொண்டே இம்மூன்றையும் உரைத்துப் பார்க்கலாம். அவ்வாறு பார்த்தால், வாங்குபவர் பணத்தையும் கவனத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவாகும்.

கலனின் அமைப்பு

கீழ்க்குடுவை உருண்டை வடிவமானது. மேற்குடுவையின் அடியிலிருந்து ஒரு தண்டுக்குழாய் நீண்டு, கீழ்க்குடுவையின் அடியை ஏறத்தாழத் தொடும். இரண்டும் சேருமிடத்தில் ஒரு ரப்பர் வளையம் காற்றுப் புகாதபடி அடைக்கிறது. மேற்குடுவையின் அடியில் துணி சுற்றிய வட்டமான வடிப்பான் ஒன்றை வைத்து, அதனோடு இணைந்த மணிச்சங்கிலியைக் குழாயின் வழியே தொங்கவிட்டு, கொக்கியால் மாட்டிவிடுவார்கள். இச்சங்கிலிக்கு வேறொரு பயனும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சீராகக் கொதிக்க வைக்க உடைந்த பீங்கான் துண்டுகளைப் போடுவோம் அல்லவா? அவ்வேலையை இங்கே சங்கிலியின் மணிகள் செய்கின்றன. குமிழிகள் அவற்றின் மீது சீராகத் தோன்றுவதால், தண்ணீர் திடீரெனப் பொங்கி எழுவதில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். சைஃபன் என்பது வடிகுழாய். உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து வளைந்த குழாயின் வழியே தாழ்ந்த இடத்துக்குத் திரவத்தை இறக்கும் கருவி அது. அதில் திரவத்தை ஓடச் செய்வது புவியீர்ப்பு. நம் காப்பிக் கலனிலோ தண்ணீர் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறுகிறது. ஆகவே இது உண்மையான வடிகுழாய் அன்று. ஆவியின் அழுத்தத்தால் இயங்கும் ஓர் இறைப்பான். பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அதையே பயன்படுத்துவோம். ஆனால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது நல்லது.

தண்ணீர் எந்த வெப்பநிலையில் ஏறும்?

முதல் கூற்றுக்கு வருவோம். காப்பித்தூளின் சாற்றை நன்றாக இறக்க 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீர் ஏற்றது என்பது காப்பித் தொழில் வல்லுநர்களின் பொதுவான கருத்து. சைஃபன் கலனே இவ்வெப்பநிலையைப் பார்த்துத் தண்ணீரை மேலே அனுப்புகிறதா?

தண்ணீர் ஏற வேண்டுமானால் கீழ்க்குடுவையில் உள்ள அழுத்தம், வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று மிகுதியாக இருக்க வேண்டும். எவ்வளவு மிகுதி? தண்ணீர் 20 செ.மீ. உயரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனமானது. எனவே 20 செ.மீ. தண்ணீர்த் தம்பம் ஏறத்தாழ 15 மி.மீ. பாதரசத் தம்பத்துக்குச் சமம். வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. ஆகவே குடுவைக்குள் 775 மி.மீ. அழுத்தம் இருந்தால் போதும். வெறும் இரண்டு விழுக்காடு அதிகம்!

இந்த அழுத்தத்தை நீராவி தனியாகத் தருவதில்லை. குடுவையில் அடைபட்ட காற்றும் சேர்ந்தே தருகிறது. ஒரு கலவையின் மொத்த அழுத்தம், அதிலுள்ள வாயுக்களின் பகுதி அழுத்தங்களின் கூட்டுத்தொகை என்பது டால்ட்டன் விதி. இவ்விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

கீழ்க்குடுவையின் முழுக் கொள்ளளவு 500 மி.லி. என்று கொள்வோம். குழாயின் நுனிக்குக் கீழே 40 மி.லி. தண்ணீர் எப்போதும் தங்கிவிடும். 360 மி.லி. தண்ணீர் ஊற்றினால், காற்றுக்கு 140 மி.லி. இடம் இருக்கும். ஏற வேண்டிய தண்ணீர் முழுவதும் ஏறியபின், காற்றும் ஆவியும் 460 மி.லி. இடத்தில் பரவியிருக்கும். தொடக்கத்தில், 25 டிகிரியில், காற்றின் பகுதி அழுத்தம் 736 மி.மீ.; எஞ்சிய 24 மி.மீ. நீராவியினுடையது. மூன்று மடங்குக்கும் மேலாகப் பரவி, வெப்பமும் ஏறிய நிலையில், 89 டிகிரியில் இந்தக் காற்று 272 மி.மீ. அழுத்தத்தைத் தரும். அதே வெப்பநிலையில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் 506 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 778 மி.மீ. தேவைக்குப் போதுமானது. எனவே ஏறத்தாழ 89 டிகிரியிலேயே, கொதிநிலையை எட்டுமுன், தண்ணீர் முழுவதும் மேலே போய்விடும்.

'அப்படியானால் விற்பவர்கள் சொல்வது சரிதானே!' என்று வாசகர்கள் நினைக்கலாம். அதே குடுவையில் 240 மி.லி. மட்டும் ஊற்றிப் பாருங்கள். இப்போது அடைபட்ட காற்று 260 மி.லி. இதே முறையில் கணக்கிட்டால், 75 டிகிரியில் காற்று 486 மி.மீ. அழுத்தமும், ஆவி 289 மி.மீ. அழுத்தமும் தரும். கூட்டுத்தொகை 775 மி.மீ. அதாவது 75 டிகிரியிலேயே தண்ணீர் ஏறி முடிந்துவிடும். ஒரே ஒரு கிண்ணத்துக்காக 120 மி.லி. ஊற்றினாலோ, 54 டிகிரியே போதும்! கையைச் சுடும் வெந்நீர் என்று சொல்லலாம். காப்பிச் சாறு இறக்கத் தகுந்த வெந்நீர் என்று சொல்ல முடியாது.

இக்கணக்கு, காற்றும் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகவும், காற்று சிறிதும் வெளியேறவில்லை என்றும் கொண்டு போட்டது. நடைமுறையில் சில டிகிரி கூடும், குறையும். ஆனால் அது காட்டும் உண்மை மாறாது. தண்ணீர் ஏறும் வெப்பநிலையைக் கலன் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 'தானாகவே சரியான வெப்பநிலை' என்ற கூற்று, குடுவையை முழு அளவுக்கு நிரப்பும்போது மட்டுமே உண்மைக்கு அருகில் வருகிறது.

இதிலிருந்து வாங்குவோருக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது அளவைப் பற்றியது. ஜப்பானின் ஹாரியோ நிறுவனத்தின் டெக்னிக்கா வகைக் கலன்கள் 240, 360, 600 மி.லி. என்ற மூன்று அளவுகளில் வருகின்றன. 'விருந்தினர் வந்தால் உதவும்' என்று பெரியதை வாங்கி, நாள்தோறும் அதில் ஒரு கிண்ணம் மட்டும் போடுவது தவறான சிக்கனம். தினமும் முழுமையாக நிரப்பக்கூடிய அளவையே வாங்க வேண்டும்.

இரண்டாவது பாடம் முறையைப் பற்றியது. தேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே மேற்குடுவையை அழுத்தி அடைப்பதில்லை. குழாயையும் சங்கிலியையும் தண்ணீரில் இறக்கி, மேற்குடுவையைச் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்வரை காத்திருப்பார்கள். அதன் பிறகே நிமிர்த்தி அடைப்பார்கள். கொதிக்கும் தண்ணீரின் ஆவி, அடைபட வேண்டிய காற்றை வெளியே துரத்திவிடுகிறது. காற்று இல்லாத குடுவையில் ஆவி ஒன்றே 775 மி.மீ. அழுத்தம் தர வேண்டும். அது கொதிநிலையை ஒட்டியே நடக்கும். மேலே வந்ததும் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு வெப்பம் சில டிகிரி இறங்கி, வேண்டிய எல்லைக்குள் வந்து நிற்கும். இது அலங்காரத்துக்காகச் செய்யும் சடங்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். டால்ட்டன் விதியை அறிந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

'வெற்றிடம்' இழுக்கிறதா?

அடுத்தது, காப்பி இறங்கும் கதை. சுடரை அகற்றியதும் கீழ்க்குடுவை குளிர்கிறது, ஆவி தண்ணீராகிறது, அழுத்தம் சரிகிறது. 90 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 526 மி.மீ. 80 டிகிரியில் அது 355 மி.மீ. பத்து டிகிரி குளிர்ந்தால் 171 மி.மீ. அழுத்தம் மறைந்துபோகிறது. இதைத் தண்ணீர்த் தம்பமாகச் சொன்னால் 2.3 மீட்டர். ஓர் ஆளைவிட உயரமான தண்ணீர்த் தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமமான வேறுபாடு, ஒரு சிறு கண்ணாடிக் குடுவையின் குளிர்ச்சியால் உண்டாகக்கூடும்!

கீழே உள்ளது எதையும் இழுப்பதில்லை. இழுப்பதற்கு அங்கே கைகள் இல்லை. மேற்குடுவையின் திறந்த வாயின் வழியே வளிமண்டலம் காப்பியை அழுத்துகிறது. கீழே எதிர்ப்பு குறைந்துவிட்டதால் காப்பி வடிதுணியைக் கடந்து இறங்குகிறது. கீழ்க்குடுவையில் ஆவியும் காற்றும் இருக்கத்தான் செய்கின்றன. எனவே 'வெற்றிடம்' என்ற சொல்லும் முற்றிலும் பொருந்தாது. 'குறைந்த அழுத்தம்' என்பதே சரி.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'வெற்றிடம் இழுக்கும்' என்று நம்புகிறவர், இறங்குவது கலனின் வேலை என்று விட்டுவிடுவார். 'குளிர்ந்தால்தான் இறங்கும்' என்று அறிந்தவர், வெப்பம் எவ்வளவு விரைவாக நிற்கிறது என்று பார்ப்பார். காப்பித்தூள் வெந்நீரில் கிடக்க வேண்டிய காலம் ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதல். சுடரை அணைத்தபின்னும் வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், காப்பி மேலேயே நிற்கும். ஒரு நிமிடத் தாமதம், தூள் ஊறும் காலத்தை இரட்டிப்பாக்கிவிடும். அக்கூடுதல் நேரத்தில் இறங்குவது பெரும்பாலும் கசப்பே. சைஃபன் காப்பி கசக்கிறது என்ற குறை கேட்கும்போது, தூளைக் குற்றம் சொல்வதற்குமுன் வெப்ப மூலத்தைப் பார்ப்பது நல்லது.

வெப்ப மூலங்கள் நான்கு

ஆகவே வெப்ப மூலத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு விரைவாக நிற்கும்? எவ்வளவு சிறிதாகக் குறைக்க முடியும்? தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? இம்மூன்றையும் கொண்டு வழக்கிலுள்ள நான்கையும் மதிப்பிடுவோம்.

முதலாவது ஸ்பிரிட் விளக்கு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ட அதே விளக்குதான். பல கலன்களுடன் இதையே சேர்த்துத் தருகிறார்கள். மூடியைப் போட்டால் உடனே அணையும். முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். ஆனால் எரியும்போது சுடரைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. திரியின் உயரத்தை முன்கூட்டியே சரிசெய்து கொள்ள வேண்டும். அல்லது விளக்கைச் சற்று நகர்த்திக் கொள்ள வேண்டும். வெப்பமும் குறைவு. 360 மி.லி. தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுவர 25,200 கலோரி தேவை. ஒரு கிராம் எத்தில் ஆல்கஹால் எரிந்து ஏறத்தாழ 6,400 கலோரி தருகிறது. ஆக, கணக்கின்படி நான்கு கிராம் போதும். ஆனால் சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி குடுவையைச் சுற்றிக் காற்றில் போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரைச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் 12 கிராம், அதாவது 15 மி.லி. வேண்டும், பொறுமையும் வேண்டும். இதற்கு எளிய பரிகாரம், தண்ணீரை வேறு அடுப்பில் கொதிக்கவைத்துக் குடுவையில் ஊற்றுவது. அப்போது விளக்கின் வேலை தண்ணீரை ஏற்றுவதும் நிறுத்திவைப்பதும் மட்டுமே. அதற்கு அதன் வலிமை போதும்.

மூன்றாவது கேள்வியில்தான் இவ்விளக்கு தடுமாறுகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள அறையில், பாதி காலியான விளக்கினுள் உள்ள காற்றில் எத்தில் ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ பத்து விழுக்காடு கலந்திருக்கும். 3.3 முதல் 19 விழுக்காடு வரையுள்ள கலவை தீப்பற்றக்கூடியது. அதாவது நம் வெப்பநிலையில், பாதி காலியான விளக்கு என்பது எரியத் தயாராக உள்ள வாயுக்கலவை அடைத்த ஒரு குப்பி. எரியும் விளக்கிலோ, அணைத்த சூடு ஆறாத விளக்கிலோ ஸ்பிரிட்டை ஊற்றுவது பேராபத்து. பகல் வெளிச்சத்தில் இச்சுடர் கண்ணுக்குத் தெரிவதும் அரிது; அணைந்துவிட்டதாக எண்ணி ஊற்றியவர்கள் தீக்காயம் பட்ட நிகழ்ச்சிகள் ஆய்வுக்கூடங்களில் புதியன அல்ல. இன்னொன்று, எரிபொருளாக விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருக்கக்கூடும். அது கண்பார்வையையும் உயிரையும் போக்கும் நஞ்சு. காப்பிப் பொருள்கள் இருக்கும் அலமாரியில், தண்ணீர்ப் புட்டி போன்ற புட்டியில், அதை ஒருபோதும் வைக்கலாகாது.

இரண்டாவது பியூட்டேன் வாயு அடுப்பு. சிறு உருளையில் அடைத்த வாயுவைக் கொண்டு, மெல்லிய நீலச்சுடராக எரிவது. திருகைத் திருப்பினால் சுடர் கூடும், குறையும். மூடினால் அக்கணமே நிற்கும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் இதுவே சிறந்த விடை. ஆனால் வலிமையே இதன் குறையுமாகும். சுடர் குடுவையின் அடிநடுவில் மட்டும் பட வேண்டும். பக்கங்களை நக்கினால், தண்ணீர் இல்லாத பகுதியில் கண்ணாடி அளவுமீறிச் சூடேறும். வாயு நிரப்பும்போது அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் எரிக்கவும் கூடாது. பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்குச் சற்றே கீழ் என்பதால், கடுங்குளிர் நாடுகளில் இவ்வடுப்பு சோர்ந்துபோகும். நம் சமவெளியில் அக்கவலை இல்லை.

மூன்றாவது ஹாலஜன் விளக்கு அடுப்பு. சுடர் இல்லை, வலிய ஒரு மின்விளக்கின் ஒளியும் அகச்சிவப்புக் கதிர்களும் கண்ணாடியை ஊடுருவித் தண்ணீரைச் சூடாக்குகின்றன. குடுவை முழுவதும் பொன்னிறமாக ஒளிர்வதால் கடைக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். 2008ஆம் ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் புளூ பாட்டில் என்ற காப்பிக் கடை, 20,000 டாலருக்கு மேல் விலை கொடுத்து ஜப்பானிலிருந்து இத்தகைய சைஃபன் மேடையொன்றை வரவழைத்தது அமெரிக்கச் செய்தித்தாள்களில் பேசப்பட்டது. விளக்கின் இழை மிக இலேசானது. ஆதலால் மின்சாரத்தை நிறுத்தியதும் நொடிகளில் குளிர்கிறது. திருகினால் ஒளியைக் குறைக்கவும் முடியும். நெருப்பு அபாயமும் குறைவு. குறைகள் இரண்டு. ஒன்று விலை. மற்றொன்று வேகம்: 350 வாட் அடுப்பு நொடிக்கு ஏறத்தாழ 84 கலோரியே தரும். முழு வெப்பமும் தண்ணீரைச் சேர்ந்தாலும், முன்சொன்ன 25,200 கலோரிக்கு ஐந்து நிமிடம் ஆகும். இங்கும் கொதித்த தண்ணீரை ஊற்றுவதே வழி. ஜப்பானிலிருந்து தருவிக்க எண்ணுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். நேராக இணைத்தால் விளக்கு எரிந்துபோகும்.

நான்காவது, வீட்டிலுள்ள அடுப்பு. போடம் போன்ற சில நிறுவனங்கள் அடுப்பின்மீது நேராக வைக்கத்தக்க கலன்களைச் செய்கின்றன. தாங்கியில் தொங்கும் உருண்டைக் குடுவையை அடுப்பில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மின்கம்பிச் சுருள் அடுப்பு இவற்றுள் மிகத் தாழ்ந்த தேர்வு. அணைத்தபின்னும் அதன் கனத்த சுருளும் தட்டும் பல நிமிடம் வெப்பத்தை வைத்திருக்கும். அதைப் பயன்படுத்தினால், அணைப்பதோடு நில்லாமல் கலனையே தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டியிருக்கும்; கொதிநீர் நிறைந்த கண்ணாடியைத் தூக்குவது விரும்பத்தக்கதன்று. இண்டக்‌ஷன் அடுப்பு கண்ணாடியைச் சூடாக்கவே செய்யாது.

கண்ணாடியும் துணியும்

கண்ணாடியைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த வாசியூ அம்மையார் இத்தகைய இரட்டைக் கோளக் கலனுக்கு 1842இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்துச் சாதாரணக் கண்ணாடி சுடரைத் தாங்காமல் வெடிப்பதுண்டு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் சாதாரணக் கண்ணாடி பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு நீளும். போரோசிலிக்கேட் கண்ணாடி ஏறத்தாழ மூன்று பங்கே நீளும். 1915இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரக்ஸ் என்ற பெயரில் இக்கண்ணாடியை வீட்டுப் பாத்திரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தபின், சைலெக்ஸ் போன்ற கலன்கள் அந்நாட்டு வீடுகளில் பரவின. 1921இல் டோக்கியோவில் தொடங்கிய ஹாரியோவும் முதலில் ஆய்வுக்கூடக் கண்ணாடி செய்த நிறுவனமே.

இன்று நல்ல நிறுவனங்கள் எல்லாமே இவ்வகைக் கண்ணாடியைத்தான் பயன்படுத்துகின்றன. எனவே கண்ணாடியை வைத்து ஒரு கலனுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு காண இயலாது. உறுதியான தாங்கி, எளிதில் கிடைக்கும் மாற்றுக் குடுவை, மாற்று ரப்பர் வளையம் ஆகியவற்றையே விசாரிக்க வேண்டும். ஏனெனில் எந்தக் கண்ணாடியும் உடையும். குறிப்பாக இரண்டு நிலைகளில் இது உடையும். குடுவையின் வெளிப்புறத்தில் ஈரம் இருக்கும்போது சூடாக்குவது ஒன்று. வெறுங்குடுவையைச் சூடாக்குவது மற்றொன்று. குழாய்க்குக் கீழே தங்கும் 40 மி.லி. தண்ணீர் ஆவியாக, கிராமுக்கு 540 கலோரி வீதம் 21,600 கலோரி வேண்டும். நொடிக்கு 84 கலோரி தரும் அடுப்பில் இது ஏறத்தாழ நான்கு நிமிடம். தண்ணீர் மேலே ஏறியபின் வெப்பத்தைக் குறைக்காமல் பேச்சில் மூழ்கிவிடுகிறவருக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவே. வாயு அடுப்பில் இன்னும் குறைவு.

வடிதுணி காப்பியின் எண்ணெய்ச் சத்தில் ஒரு பகுதியைக் கடக்கவிட்டு, தூளை நிறுத்திவிடுகிறது. அதனால் காப்பிக்குத் தெளிவும் கிடைக்கிறது, மென்மையும் கிடைக்கிறது. ஆனால் உலரவிட்டால் துணியில் படிந்த எண்ணெய் சிக்குவாடை பிடிக்கும். பயன்படுத்தியதும் அலசி, தண்ணீரில் மூழ்கவைத்து, குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் காகித வடிப்பான் பொருத்தும் வகையை வாங்கலாம்.

தீர்ப்பு

இத்தனைக்கும் பிறகு, இக்கலன் வாங்கத்தக்கதுதானா? நம் வீட்டு பில்ட்டரில் இறங்கும் கெட்டியான டிகாக்‌ஷனை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கும். 240 மி.லி. தண்ணீருக்கு 15 கிராம் தூள் என்ற அளவில் வரும் இந்தக் காப்பி பாலைத் தாங்காது. பால் சேர்த்தால் நீர்த்துப்போகும். கழுவுவதற்கும் காத்திருப்பதற்கும் நேரம் வேண்டும். காலையில் அலுவலகத்துக்கு ஓடுகிறவரின் கருவி இதுவன்று. பாலின்றிக் காப்பியின் மணத்தைச் சுவைக்க விரும்புகிறவருக்கும், ஓய்வாக இருவர் மூவர் கூடும் மாலை நேரத்துக்கும் இது ஏற்றது. மாணவர்களுக்கோ, டால்ட்டன் விதியையும் தெவிட்டிய ஆவியின் அழுத்தத்தையும் கண்முன் காட்டும் அருமையான செய்முறை.

வாங்குவதானால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் முதலில் அழகிய குடுவையைத் தேர்ந்து, பிறகு கிடைத்த சுடரை அடியில் வைக்கிறார்கள். முதலில் சுடரைத் தேருங்கள். அடிக்கடி போடுகிறவர், திருகால் கட்டுப்படும் பியூட்டேன் அடுப்பை வாங்கட்டும். எப்போதாவது போடுகிறவருக்கு, கொதித்த தண்ணீரை ஊற்றும் பழக்கமிருந்தால், ஸ்பிரிட் விளக்கே போதும். சூடு ஆறியபின்தான் நிரப்புவேன் என்ற உறுதி மட்டும் வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம். ஹாலஜன் அடுப்பு நாள் முழுவதும் காப்பி விற்கும் கடைக்குப் பயன்படும். வீட்டில் அதன் விலைக்கு ஈடான சுவை வேறுபாடு கிடைக்கும் என்று பௌதிகம் சொல்லவில்லை. சுடரைத் தேர்ந்தபின், நாள்தோறும் முழுமையாக நிரப்பக்கூடிய மிகச் சிறிய குடுவையை வாங்குங்கள். கொதித்தபின் அடையுங்கள்; ஏறியபின் குறையுங்கள்; நிமிடம் ஆனதும் அகற்றுங்கள். எஞ்சியதை வளிமண்டலம் பார்த்துக்கொள்ளும்.